மருந்துச்சீட்டு மென்பொருள் வாங்கப்போகும் மொரீசியஸ் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

விற்க வருபவர் போட்டுக் காட்டும் டெமோவில் எல்லா மருந்தும் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினை எழுதுவார், அதோடு சேரக்கூடாத ஆஸ்பிரினையும் எழுதுவார், திரையில் எச்சரிக்கையாக ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள், அப்புறம் விலைப் பேச்சு தொடங்கிவிடும். அந்தச் சிவப்புப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் ரோஸ் ஹில் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். கணினிக்காரன் இல்லை. ஆனால் உங்கள் மென்பொருளில் டாக்டர் தட்டுவது எதுவானாலும் கடைசியில் என்னைப் போன்றவர்களின் கவுன்ட்டருக்குத்தான் வந்து சேரும். அதனால் இதில் பேச எங்களுக்கும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி வரும், கோப்பு மூடிவிடும், அதோடு சரி. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நம்மவர்கள் சிலர் இந்த வாங்கும் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லட்டும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு மருந்து தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மருந்தின் பெயர், உள்ளே இருக்கும் மூலப்பொருள், எத்தனை மில்லிகிராம், மாத்திரையா சிரப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு வரை போகலாம், எதோடு சேரக்கூடாது, கர்ப்பிணிக்கு ஆகுமா, சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகுமா, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு எதெல்லாம் கூடாது, இவ்வளவையும் வேறொரு நிறுவனம் தொகுத்து வைத்திருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கித்தான் மென்பொருளுக்குள் ஊற்றுகிறார்கள். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் டேட்டாபேங்க், மெடி-ஸ்பேன், மைக்ரோமெடெக்ஸ். பிரான்சில் விடால், குளோட் பெர்னார், தெரியாக். இந்தியாவிலும் ஆசியாவிலும் மிம்ஸ், சிம்ஸ் என்ற வரிசை. பிரிட்டனில் பி.என்.எஃப் என்ற மருந்துக் கையேடும், அந்த நாட்டு சுகாதார சேவையின் மருந்து அகராதியும், அவற்றை ஒட்டி விற்கப்படும் தரவுகளும். ஆக நீங்கள் வாங்கப்போவது ஒன்று இல்லை, இரண்டு: மென்பொருள் ஒன்று, மருந்துத் தரவு ஒன்று. முதலாவதுக்கு ஆறு மாதம் கூட்டம் போடுகிறீர்கள், இரண்டாவது டெண்டர் ஆவணத்தில் ஒரே வரியில் 'மருந்துத் தரவுத்தளம் உட்பட' என்று போய்விடுகிறது.

இந்தத் தரவுகள் எதுவும் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் மருந்தியல் படித்தவர்கள் வருடக்கணக்காக உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் தன் நாட்டு அலமாரியைப் பார்த்து எழுதப்பட்டது. நம் அலமாரி எந்த நாட்டுடையது? ஒரு நாட்டுடையதும் இல்லை. என் கடையில் ஒரே தட்டில் பிரான்ஸ் பெட்டி, இந்தியப் பெட்டி, தென்னாப்பிரிக்கப் பெட்டி, இங்கிலாந்துப் பெட்டி என்று வரிசையாக நிற்கின்றன. எழுதும் டாக்டர்களும் அப்படித்தான், பிரான்சில் படித்தவர், இந்தியாவில் படித்தவர், ரஷ்யாவிலோ சீனாவிலோ படித்துவிட்டு வந்தவர். ஒருவர் மேசையில் விடால், இன்னொருவர் மேசையில் பி.என்.எஃப். ஒருவர் லாசிலிக்ஸ் என்று எழுதுவார், இன்னொருவர் லாசிக்ஸ் என்பார், இரண்டும் ஃபுரோசமைடுதான். லெவோதிரோக்ஸ், எல்ட்ராக்ஸின் இரண்டும் தைராய்டுக்கான லெவோதைராக்ஸின். மோப்ரால் என்றாலும் லோசெக் என்றாலும் ஒமெப்ரசோல். எங்களுக்கு இது பழகிவிட்டது, கண் பார்த்ததும் கை எடுக்கும். லண்டன் தரவுக்கு மோப்ரால் தெரியாது, பாரிஸ் தரவுக்கு இந்தியப் பெட்டிகளில் பாதி தெரியாது.

தெரியாத மருந்தை டாக்டர் எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த மடலின் மொத்த விஷயமும். பட்டியலில் கிடைக்கவில்லை, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார், வெளியே வரிசை நிற்கிறது, டாக்டர் என்ன செய்வார்? 'பிற' என்ற கட்டத்தில் கையால் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த நொடியிலிருந்து அந்த மருந்து மென்பொருளுக்கு வெறும் எழுத்து. அளவும் பார்க்காது, சேர்க்கையும் பார்க்காது, ஒவ்வாமையும் பார்க்காது. சிவப்புப் பெட்டி வராது. சிவப்புப் பெட்டி வராததை டாக்டர் எப்படிப் படிப்பார்? பிரச்சினை எதுவும் இல்லை என்றுதான். காகிதச் சீட்டு எழுதிய காலத்தில் அவர் தன் மூளையை நம்பினார், சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டினார் அல்லது எனக்கு ஃபோன் போட்டார். இப்போது சும்மா இருக்கும் திரையை நம்புவார். தப்பான எச்சரிக்கையை விட எனக்குப் பயம் இந்த மௌனத்தின் மேல்தான்.

பக்கத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்மையில் ஒரு பாட்டி கடைக்கு வந்து பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாரசிட்டமால் 500 மி.கி., வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளை. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் மகள் கொண்டுவந்த டோலிப்ரான் 1000, அதுவும் பாரசிட்டமால்தான், காலையும் இரவும் ஒவ்வொன்று. சளிக்கென்று ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த இந்தியக் கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் பாரசிட்டமால் 500, கூடவே மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் இரண்டு சரக்கு, மூன்று வேளை. "இது மூட்டுவலிக்கு, இது தலைவலிக்கு, இது சளிக்கு. மூணும் வேற வேற தம்பி" என்றார். கூட்டிப் பாருங்கள்: மூன்று கிராம், இரண்டு கிராம், ஒன்றரை கிராம். ஆறரை கிராம். நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் எல்லை, இவரோ நாற்பத்தைந்து கிலோ கூட இருக்கமாட்டார். ஒரே மூலப்பொருள் இரண்டு பெட்டியில் வந்தால் பிடிக்கும் வேலையைக் கணினி நம்மை விட நன்றாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டு மாத்திரையின் பெயர் தரவில் இருந்தால்தான் செய்யும். இந்தியாவில் கூட்டு மருந்துகள் எத்தனை வகை, எவ்வளவு வேகத்தில் வருகின்றன, போகின்றன என்று தெரியும்தானே. 2016இல் இந்திய அரசு ஒரே அறிவிப்பில் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை போட்டது, அது நீதிமன்றம் வரை போனது. அந்த ஓட்டத்தோடு ஓடிப் பதிவு செய்யும் தரவு ஒன்று, அப்படிச் செய்யாத தரவு ஒன்று. டெமோவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. பல நாடுகளில் இதற்கு வார்ஃபரின். பிரான்சில் பல காலமாக ப்ரெவிஸ்கான் என்ற ஃப்ளுவிண்டியோன் பெரிய அளவில் புழங்கியது. 2018 டிசம்பரிலிருந்து புதிதாகத் தொடங்கக்கூடாது என்று அங்கேயே நிறுத்தினார்கள், ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம். ரீயூனியனிலோ பாரிஸிலோ இருதய டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் நம் ஊர்க்காரர் ஒருவர் கையில் அது இருக்கலாம். பிரிட்டனில் அந்த மருந்து விற்பனையிலேயே இல்லை. பிரிட்டிஷ் தரவை மட்டும் நம்பி ஒரு மென்பொருள் ஓடுகிறது என்று வையுங்கள், அந்த நோயாளிக்கு வாயில் பூஞ்சை என்று மைக்கோனசோல் ஜெல் எழுதுகிறார்கள். வாயில் தடவுகிற ஜெல்தானே என்று தோன்றும். ஆனால் இந்த வகை ரத்த மருந்தோடு அது சேர்ந்தால் ரத்தப்போக்கு வரை கொண்டுபோகும், பிரான்சில் இந்தச் சேர்க்கையே கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். வார்ஃபரின் என்று எழுதியிருந்தால் மென்பொருள் கத்தியிருக்கும். ப்ரெவிஸ்கான் என்று எழுதியதால் சும்மா இருக்கும்.

பெயர் தெரியாதது ஒரு பக்கம், பெயர் தப்பாகத் தெரிவது இன்னொரு பக்கம். ஒரே பிராண்ட் பெயர் வேறு வேறு நாட்டில் வேறு வேறு மருந்தாக இருக்கிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2006இல் எச்சரித்தது. டிலாகார் அமெரிக்காவில் ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், செர்பியாவில் இதயத்துக்கான டிஜாக்ஸின். ஃப்ளோமாக்ஸ் அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், இத்தாலியில் வீக்கத்துக்கான மருந்து. நாலு நாட்டு மருந்தை ஒரே தட்டில் வைத்திருக்கும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. எனவே 'எங்களிடம் லட்சம் மருந்துகள் இருக்கின்றன' என்று ஒரு சப்ளையர் சொன்னால் பெருமைப்பட ஒன்றுமில்லை. நமக்கு வேண்டாத லட்சம் நமக்கு ஆபத்து. தேடும்போது அமெரிக்கப் பெயர் மேலே வந்து நின்று, அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் முடிந்தது.

சரி, என்ன செய்யலாம்? ஆலோசகரை வைத்து நூறு பக்க அறிக்கை எழுத வேண்டியதில்லை. உங்கள் சொந்த மருந்தகத்துக்குப் போங்கள். அதிகம் போகும் மருந்துகளின் பெட்டிகளை எடுங்கள், கூடவே அடிக்கடி போகாத ஆனால் கை நடுங்கவைக்கும் மருந்துகளையும் எடுங்கள்: இன்சுலின், மெத்தோட்ரெக்ஸேட், டிஜாக்ஸின், வலிப்பு மருந்து, குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. பார்கோடோடு பட்டியல் போட்டு எல்லா சப்ளையருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். எத்தனை கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை, கிடைக்காததை எத்தனை நாளில் சேர்ப்பார்கள், சேர்ப்பதற்கு யார் காசு, யார் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாடு இது. பட்டியலில் சர்க்கரை மருந்துகள் மட்டும் ஒரு பக்கம் வரும், அவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் தரவு நமக்கு ஒத்துவராது என்றே நான் சொல்வேன்.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, பதில் தெரிந்த கேள்விகளைப் போட்டும் பார்க்க வேண்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை. அதைத் தினமும் என்று எழுதிப் பாருங்கள், தடுக்கிறதா? ஒரு வேளைக்கான அளவு சரிதானே என்று விட்டுவிடும் தரவுகள் உண்டு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வகையைச் சேர்ந்த ஆக்மென்டின், இதய வலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு சில்டெனாஃபில், கொழுப்புக்கான சிம்வாஸ்டாடினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். இதெல்லாம் கத்த வேண்டிய இடங்கள். அப்புறம் கத்தக்கூடாத இடங்களையும் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கானோர் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள், அதற்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தால் டாக்டர் ஒரு வாரத்தில் பார்க்காமலே மூடப் பழகிவிடுவார். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். டாக்டர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வழக்குக்குப் பயந்து சப்ளையர் எல்லாவற்றையும் எச்சரிக்கையாகப் போட்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எந்த எச்சரிக்கையை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்பதை உங்கள் டாக்டர்களும் பார்மசிஸ்ட்டும் தீர்மானிக்க முடிகிற தரவாகப் பாருங்கள்.

'அப்படியானால் பிரெஞ்சுத் தரவு ஒன்று, ஆங்கிலத் தரவு ஒன்று, இரண்டையும் சேர்த்துவிட்டால் போச்சு' என்று ஒரு மென்பொருள்காரர் என்னிடம் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரான்சில் மருந்துச் சேர்க்கைகளை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள், கூடவே கூடாது என்பதில் தொடங்கி, கவனத்தில் வை என்பது வரை. ஆங்கிலத் தரவுகளுக்கு அவரவர் நிலைகள். இரண்டையும் ஒரே சிவப்பு மஞ்சள் வண்ணத்தில் காட்டினால் எந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு? அதோடு ஒரு சின்ன விஷயம், காற்புள்ளி. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டரை மில்லிகிராமை 2,5 என்று எழுதுவார்கள், ஆங்கிலத்தில் 2.5. தரவை ஏற்றும் நிரல் காற்புள்ளியை ஆயிரத்துக்கான குறி என்று நினைத்து விழுங்கிவிட்டால் 2,5 என்பது 25 ஆகிவிடும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை 2,5 மி.கி. பலத்தில் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். சிறுநீரகப் பரிசோதனைக் கணக்கும் இப்படித்தான்: இந்தியாவில் கிரியேட்டினின் 1.2 என்று வருவது இன்னொரு அலகில் 106. தரவின் விதி ஓர் அலகில் எழுதப்பட்டிருந்து, ஆய்வகம் இன்னொன்றில் அனுப்பினால், கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் மென்பொருள் வாயைத் திறக்காமல் போகலாம். இரண்டு தரவு வேண்டும் என்றால் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் மருந்து தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். மூலப்பொருளைச் சொல்லும் ஜெனரிக் பெயரையும், மருந்துகளை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.டி.சி குறியீட்டையும் முதுகெலும்பாக வைத்து அதில் நம் நாட்டுப் பெட்டிகளை மாட்டச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவில் பிராக்டிஸ் ஃப்யூஷன் என்று ஒரு நிறுவனம், டாக்டர்களுக்கான மென்பொருளை விளம்பரம் போட்டு இலவசமாகவே கொடுத்து வளர்ந்தது. ஓபியாயிட் என்ற அபின் வகை வலி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த வகை மருந்தை எழுதத் தூண்டும் நினைவூட்டல்களைத் திரையில் வைத்தது என்று வழக்கு வந்து, 2020 ஜனவரியில் 145 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டாக்டருக்கு அது மருத்துவ ஆலோசனை போலத்தான் தெரிந்திருக்கும். ஆகவே மலிவாகக் கொடுக்கிறேன், சும்மா கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால், யார் அதற்குக் காசு கொடுக்கிறார்கள், எந்தப் பிராண்ட் பட்டியலில் மேலே வருகிறது, யார் அப்படி வைத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். பிரான்சில் உயர் சுகாதார ஆணையம் இந்தத் தரவுகளுக்கென்றே ஒரு தர சாசனம் வைத்து, விடால், குளோட் பெர்னார், தெரியாக், தெசோரிமெட் ஆகியவற்றை அதன்படி ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில், நோயாளியின் விவரத்தை வைத்து முரண்பாட்டையும் மிகை அளவையும் கண்டுபிடிக்கும் மென்பொருள் மருத்துவக் கருவிதான் என்றே தீர்ப்பு சொன்னது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கும்போது கேட்கும் கேள்விகளையாவது இதற்குக் கேட்கலாம் இல்லையா?

அப்டேட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒன்று. தரவு இணையம் வழியாகத்தான் ஒவ்வொரு முறையும் வரும் என்றால் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய் இணைப்பு அறுந்த அன்று என்ன செய்வீர்கள்? உள்ளே ஒரு பிரதி இருக்க வேண்டும், அது எந்தத் தேதியுடையது என்று திரையில் தெரிய வேண்டும். ரொட்ரிக்ஸ் தீவில் கிளை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் வக்கீலிடம் காட்டுங்கள், பிரியும்போது என்ன ஆகும் என்ற இடத்தை. பல சப்ளையர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் தங்கள் சொந்த எண் வைத்திருக்கிறார்கள், நோயாளியின் பழைய சீட்டுகள் எல்லாம் அந்த எண்ணில்தான் சேமிக்கப்படும். ஐந்து வருடம் கழித்து விலையை ஏற்றுகிறார்கள், நீங்கள் வேறிடம் போகிறீர்கள், அன்றைக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் உரிமை உங்களிடம் இருக்காது. நோயாளி ஐந்து வருடம் என்ன சாப்பிட்டார் என்பது வெறும் எண் வரிசையாக நிற்கும். டாக்டர் அன்று திரையில் பார்த்த பெயர், பலம், அளவு மூன்றையும் எழுத்தாகவும் சேமிக்கச் சொல்லுங்கள், ஏ.டி.சி குறியீட்டோடு. இதற்கு மென்பொருள்காரருக்கு அரை நாள் வேலை. இப்போது கேட்டால் சும்மா செய்வார், பிறகு கேட்டால் பில் போடுவார்.

கடைசியாக, எந்தத் தரவை வாங்கினாலும் சரி, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பட்டியலில் இல்லாத மருந்தைக் கையால் தட்டினால், 'இந்த மருந்து எனக்குத் தெரியாது, நான் எதையும் சரிபார்க்கவில்லை' என்று திரையிலும் அச்சிட்ட சீட்டிலும் பெரிய எழுத்தில் வர வேண்டும். சீட்டில் வந்தால் நாங்கள் கடையில் பார்த்துக்கொள்வோம், தேவைப்பட்டால் டாக்டருக்கு ஃபோன் போடுவோம். அப்படித் தட்டப்பட்ட பெயர்களின் பட்டியல் வாரம் ஒரு முறை சப்ளையருக்குப் போக வேண்டும், அடுத்த வாரத்துக்குள் பதில் வர வேண்டும். இதைச் செய்ய முடியாது என்று சொல்லும் சப்ளையரை, அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அடுத்த சுற்றுக்கு எடுக்காதீர்கள்.

என் கடையில் அதிகம் போகும் பெட்டிகளைப் பார்கோடு தெரியும்படி படம் எடுத்து, உள்ளே இருக்கும் மூலப்பொருளையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், காசு வேண்டாம். உங்கள் மருந்தகத்தில் இருக்கும் பார்மசிஸ்ட்டையும் வாங்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், டெண்டர் மூடும் தேதிக்கு முன்னால்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு பார்மசிஸ்ட்